வருகையின் நோக்கம்

யார்க் போகிறேன் என்றான் அமலதாஸ்.
நியூயார்க்கா என்று கேட்டான் கஸ்ஸாலி.
இல்லை, பழசு.

ஷார்ஜா, ஹம்ரியா கேம்ப், அறை நாற்பத்தொன்று.
எட்டுக் கட்டில், ஒரு ஏசி,
அது சொட்டும் தண்ணீருக்கு ஒரு பெயின்ட் வாளி.
இங்கிருந்து ஒருவன்
இங்கிலாந்து பார்க்கப் போகிறான்,
சும்மா.

சும்மாவா? அங்கே யார் இருக்கிறார்கள்?
யாருமில்லை.
வேலை கீலை?
இல்லை.
இந்தக் காசில் மூன்று தடவை
தூத்துக்குடி போய்வரலாம் என்று
கணக்குப் போட்டுக் காட்டியவன் நான்.
பதினோரு வருஷமாய் அங்கேதானே போகிறேன் என்றான்.

ரோலாவில் டைப்பிங் சென்டர்.
வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில்
கை பழகிய வேகத்தில் 'வேலை' என்று அடித்துவிட்டார்
சாதிக்கலிக்கா.
அழிக்கச் சொல்லி 'சுற்றுலா' என்றானாம்.
அந்தச் சொல் திரையில்
யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டவன் மாதிரி
கொஞ்ச நேரம் கூச்சத்தோடு நின்றதாம்.

சட்டை உண்மையிலேயே இரவல்தான்.
வெள்ளத்துரைக்கு மீன் குளிர்கிடங்கில் வேலை.
மைனஸ் பதினெட்டுக்குக் கம்பெனி கொடுத்த ஜாக்கெட்,
முதுகில் பெரிதாய்க் கம்பெனி பெயர், போன் நம்பர்.
அதோடுதான் யார்க் முழுக்க நடந்திருக்கிறான்.
ஒரு குடிகாரன் நம்பரைப் பார்த்து
நடுராத்திரி கிடங்குக்கு அடித்து
சுறா இருக்கிறதா என்று கேட்டானாம்.
இது கஸ்ஸாலி கட்டிவிட்டதாகவும் இருக்கலாம்.

விடுதியில் எட்டுப் பேர் அறை.
மேல் கட்டிலா, கீழ்க் கட்டிலா
என்று கவுன்டரில் அந்தப் பெண் கேட்டதும்
சிரித்துவிட்டானாம்.
ராத்திரிக்கு நூற்றுப்பத்து திர்ஹம்,
இதே கட்டிலுக்கு.
கீழே படுத்திருந்த ஜெர்மன் பையன்
இப்படித் தூங்குவது ஒரு அனுபவம் என்றான்.
எத்தனை நாள்?
இரண்டு.
நமக்குப் பதினோரு வருஷம் என்று சொல்ல
இங்கிலீஷ் சமயத்துக்கு வரவில்லை,
பல் தேய்க்கப் போய்விட்டேன் என்றான்.

பெரிய கோயிலுக்குள் நுழையச் சீட்டு.
விலையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான்.
மணி அடித்தது. மணிக்குக் காசு கேட்கவில்லை.
மறுநாள் சாயந்தர ஜெபத்துக்குப் போய் உட்கார்ந்தான்,
ஜெபிக்க வருகிறவனுக்குச் சீட்டு கிடையாதாம்.
ஜெபித்தாயா என்றேன்.
அண்ணாந்து பார்த்தேன் என்றான்.

மதில்மேல் நடக்கலாம், இலவசம்.
ரயில் மியூசியம் இலவசம்.
மழையும்.
கடை சாத்தும் நேரத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி
பாதி விலைக்குத் தள்ளுகிற ரொட்டி,
அதுதான் நான்கு ராத்திரியும்.
நான்கு நாளும் ஒருத்தன்கூட
பத்தாக்கா எங்கே என்று கேட்கவில்லை.
பழக்கத்தில் பாக்கெட்டைத்
தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன் என்றான்.

எங்களுக்கு ஒரு காந்தம் வாங்கி வந்தான்,
கோபுரப் படம் போட்டது, ஃபிரிட்ஜில் ஒட்டுவதற்கு.
ஃபிரிட்ஜ் இல்லை.
கட்டில் காலில் ஒட்டியிருக்கிறது,
மூட்டைப்பூச்சி மருந்து அடித்த வெள்ளைத் தடத்துக்கு மேலே.

மறுநாள் நாலே முக்காலுக்குக் கம்பெனி பஸ்.
ஏறியதும் முன்சீட்டில் நெற்றி வைத்துத் தூங்குகிறவன்
ஜன்னலோரம் உட்கார்ந்தான்.
கண்ணாடியில் படிந்த ஈரத்தை முழங்கையால் துடைத்தான்.
அது என்ன மரம் என்றான்.
யாருக்கும் தெரியவில்லை.
அந்த நீலக் கும்மட்டம், எந்தப் பள்ளிவாசல்?
கஸ்ஸாலிக்கே தெரியவில்லை.
டிரைவர் குல்ஜமான் ஏதோ பெயர் சொன்னார்,
இன்ஜின் இரைச்சலில் பாதிதான் வந்தது.
அந்தப் பாதியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

இந்தக் கிறுக்கு எத்தனை நாளைக்கு என்று
பின்சீட்டில் பந்தயம் கட்டினார்கள்.
ஒரு வாரம் என்றான் வெள்ளத்துரை.
சம்பளம் வரைக்கும் என்றான் கஸ்ஸாலி.
நீ என்ன சொல்கிறாய் என்று என்னைக் கேட்டார்கள்.
இரண்டு தடவை கேட்டார்களாம்.
மதிலோரம் ஒரு ஒட்டகம் நின்றிருந்தது, தனியாக,
கழுத்தில் பச்சைக் கயிறோடு.
அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.